தங்க முலாம் பூசிய மணிகள்... புற்றுநோயைச் சுடும் ஒளி!

கரன்ட் போன ராத்திரியில் செல்போன் டார்ச்சை உள்ளங்கையால் பொத்திப் பார்க்காத குழந்தை உண்டா? விரல் இடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று ஒளிரும். டார்ச்சிலிருந்து புறப்படுவது வெள்ளை ஒளி. சதையைத் தாண்டி வருவது மட்டும் சிவப்பு. காரணம் ரத்தம்தான். அதிலிருக்கும் ஹீமோகுளோபின், நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டு, சிவப்பைப் பெரும்பாலும் போகவிடுகிறது.

சிவப்புக்கும் அடுத்த வீட்டில் ஓர் ஒளி இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. டி.வி. ரிமோட் பட்டனை அழுத்தினால் அதன் நுனியிலிருந்து பாய்வது இந்த இனம்தான். அகச்சிவப்பு என்பார்கள். சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தை ரத்தமும் அதிகம் உறிஞ்சுவதில்லை, உடம்பிலுள்ள தண்ணீரும் அதிகம் உறிஞ்சுவதில்லை. அதனால் இந்த ஒளி தோலையும் சதையையும் கடந்து ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். போகிற வழியில் பெரிதாக எதையும் சுடாது. உடம்பு தானாகவே திறந்து வைத்திருக்கும் ஜன்னல் இது.

இந்த ஜன்னல் வழியாக ஒளியை உள்ளே அனுப்பி, புற்றுநோய்க் கட்டியை மட்டும் சுட முடியுமா? அதற்கு ஒளியைப் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று கட்டிக்குள் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று'தான் தங்கம்.

மஞ்சளாக இல்லாத தங்கம்

தங்கம் என்றால் நமக்கு மஞ்சள். ஆனால் அதைப் பொடித்துப் பொடித்து, ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம் என்கிற அளவுக்குச் சிறிதாக்கிவிட்டால் நிறமே மாறிவிடும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857-ல் தங்கத் துகள்கள் மிதக்கும் திரவங்களைத் தயாரித்தார். மாணிக்கக்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் சிவப்பு. அவர் தயாரித்த குப்பிகளில் சில இன்னும் அங்குள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கின்றன.

ஏன் அந்த நிறம்? உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டுப்பாடில்லாமல் உலவுகின்றன. மிகச்சிறிய துகளின் மேல் ஒளி படும்போது அந்த எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் உயர உயரப் போகுமே, அதுபோல ஒரு குறிப்பிட்ட நிற ஒளி பட்டால் மட்டும் இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும். துகள் அந்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். வாங்கிய சக்தி நொடியில் சூடாக மாறும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சாதாரணத் தங்கத் துகள் வாங்கிக்கொள்வது பச்சை ஒளியை. பச்சையை ரத்தமே விழுங்கிவிடுகிறதே! உள்ளே இருக்கும் தங்கம் வரை அது போய்ச் சேராது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நவோமி ஹாலஸ் என்ற விஞ்ஞானி இதற்கு வழி கண்டுபிடித்தார். அவருடைய துறை மருத்துவம் அல்ல. ஒளியும் பொருளும் சந்தித்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அவர் குழு செய்தது, கவரிங் நகைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும் வேலை. சிலிக்காவால், அதாவது கண்ணாடிக்கு மூலப்பொருளான அதே பொருளால், ஒரு குட்டி மணி. அதன் மேல் மெல்லிய தங்க முலாம். மணியின் அளவையும் முலாமின் தடிமனையும் மாற்ற மாற்ற, அது பிடித்துக்கொள்ளும் ஒளியின் நிறமும் மாறியது. முலாம் மெலிந்தால் பச்சையிலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு. ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புவதுபோல! 1998-ல் இந்த ஆய்வு வெளியானது.

பின்னாளில் மனிதர்களுக்குச் செலுத்தப்பட்ட மணியின் மொத்தக் குறுக்களவு சுமார் 150 நானோமீட்டர். அதில் தங்க முலாம் மட்டும் 15 நானோமீட்டர் தடிமன். ஒரு சிவப்பணுவின் குறுக்கே இப்படி ஐம்பது மணிகளை வரிசையாகக் கோக்கலாம்.

எலிக்குச் சரியானது 2004-ல்

அதே வளாகத்தில் உயிரிப் பொறியியல் துறையில் இருந்தவர் ஜெனிஃபர் வெஸ்ட். 'உடம்பு வழிவிடும் ஒளியைப் பிடிக்கிற துகள்' என்றதும் அதைப் புற்றுநோயோடு முடிச்சுப் போட, இருவரும் சேர்ந்தார்கள். முதலில் கண்ணாடிக் கிண்ணத்தில் மார்பகப் புற்றுநோய் செல்கள். தங்க மணிகளோடு சேர்த்து வைத்து அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினார்கள். லேசர் பட்ட வட்டத்துக்குள் இருந்த செல்கள் மட்டும் செத்தன. வட்டத்துக்கு வெளியே இருந்தவை உயிரோடு இருந்தன. மணிகள் இல்லாமல் லேசர் மட்டும் பட்ட செல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எலிகள். கட்டிக்குள் மணிகளைச் செலுத்தி லேசர் காட்டியபோது, நான்கு முதல் ஆறு நிமிடங்களில் அந்த இடத்தின் வெப்பம் சராசரியாக 37 டிகிரி செல்சியஸ் ஏறியது. ஏற்கெனவே இருக்கும் உடல் சூட்டோடு கூட்டிப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் கெட்டியாவதை நினைத்துக்கொண்டால் போதும். செல்லுக்குள் இருக்கும் புரதங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

2004-ல் வெளிவந்த அடுத்த ஆய்வில் மணிகளைக் கட்டிக்குள் குத்தவில்லை. ரத்தத்தில் விட்டார்கள். ஆறு மணி நேரம் காத்திருந்து, பிறகு தோலுக்கு மேலிருந்து லேசர். சிகிச்சை பெற்ற எலிகளின் கட்டிகள் மறைந்தன. 90 நாள்களுக்குப் பிறகும் அவை ஆரோக்கியமாக இருந்தன. லேசர் மட்டும் காட்டப்பட்ட எலிகளில் கட்டி வளர்ந்துகொண்டே போனது.

ரத்தத்தில் விட்ட தங்கத்துக்குக் கட்டி இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது? உண்மையில் அதற்கு ஒன்றும் தெரியாது. வேகவேகமாக வளரும் கட்டி, தனக்கான ரத்தக்குழாய்களையும் அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அவசரத்தில் போட்ட வேலை, சுவரெல்லாம் ஓட்டை. ஆரோக்கியமான குழாயிலிருந்து வெளியேற முடியாத துகள்கள் இந்த ஓட்டைகள் வழியே கசிந்து கட்டிக்குள் தங்கிவிடுகின்றன. ஜப்பானிய விஞ்ஞானிகள் மாட்சுமுராவும் மயேதாவும் 1986-லேயே இதை விளக்கியிருந்தார்கள். நானோ மருத்துவத்தின் பாதி நம்பிக்கை இந்த ஓட்டைச் சுவரின் மேல்தான் நிற்கிறது.

அந்த நம்பிக்கை சற்று அதிகம் என்பதும் பின்னால் தெரிந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விலங்குகளில் நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? நடுத்தர அளவு 0.7 சதவிகிதம். நூறு துகள் அனுப்பினால் ஒன்றுகூட முழுசாகப் போய்ச் சேரவில்லை! மிச்சமெல்லாம் பெரும்பாலும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகின்றன. ரத்தத்தில் அலையும் அந்நியப் பொருளைப் பிடித்து வைப்பது அவற்றின் வேலை, அதை அவை ஒழுங்காகச் செய்கின்றன.

தங்க மணி விஷயத்தில் இது முழுத் தோல்வி ஆகிவிடவில்லை. காரணம், கல்லீரலில் உட்கார்ந்திருக்கும் தங்கத்தின் மேல் யாரும் லேசரைக் காட்டப்போவதில்லை. கீமோ மருந்து போன இடமெல்லாம் வேலை செய்யும், அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. தங்கமோ ஒளி படாதவரை சும்மா இருக்கும்.

புராஸ்டேட்: ஆண்கள் பேசத் தயங்கும் இடம்

எலிக்கு 2004-ல் சரியானது. மனிதர்களுக்கு? கழுத்து, தலைப் பகுதியில் வேறு சிகிச்சைக்கு மசியாத கட்டிகள் உள்ளவர்களிடம் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்து ஹாலஸும் வெஸ்ட்டும் தொடங்கிய நிறுவனமும் மருத்துவர்களும் தேர்ந்தெடுத்தது புராஸ்டேட்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம்போல் உட்கார்ந்திருக்கும் சிறிய சுரப்பி இது. ஆண்களுக்கு மட்டும் உண்டு. அதன் இரு பக்கமும் ஒட்டியபடி ஓடும் நரம்புகள்தான் ஆணுறுப்பின் விறைப்புக்குப் பொறுப்பு. பக்கத்திலேயே சிறுநீரைக் கட்டுப்படுத்தும் தசை. பின்னால் மலக்குடல். ஒண்டுக்குடித்தனம்போல எல்லாம் நெருக்கியடித்து இருக்கிற இடம். சுரப்பியின் ஒரு மூலையில் புற்றுநோய் வந்தாலும், வழக்கமான அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முழுச் சுரப்பியையும்தான் குறிவைக்கின்றன. உயிர் பிழைக்கும். ஆனால் அதன் பிறகு சிலருக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பலருக்கு தாம்பத்தியம் கடினமாகிவிடும். 'உயிரோட இருக்கீங்கள்ல, அப்புறம் என்ன?' என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல முடியாது. வெளியே சொல்லவும் முடியாது. பேருந்துப் பயணத்தை, கல்யாண வீட்டை, பேரப்பிள்ளையை மடியில் வைப்பதைக்கூடத் தவிர்க்கத் தொடங்கும் ஆண்கள் உண்டு. இந்தச் சிகிச்சையில் பணயமாக இருந்தது உயிர் மட்டுமல்ல, அதற்குப் பிறகான வாழ்க்கையும்தான்.

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் டாக்டர் அர்தஷிர் ரஸ்தினஹாத் தலைமையில் இந்தச் சோதனை நடந்தது. வந்தவர்கள் 16 பேர். வயது 58 முதல் 79 வரை. எல்லோருக்கும் சுரப்பியைத் தாண்டாத, அபாயம் குறைந்த அல்லது நடுத்தரமான புற்றுநோய்.

முதல் நாள், டிரிப்ஸ் ஏற்றுவதுபோல நரம்பு வழியாகத் தங்க மணிகள் கலந்த திரவம். ஓட்டைச் சுவர்கள் தம் வேலையைச் செய்ய ஓர் இரவு அவகாசம். மறுநாள் மயக்க மருந்து. ஏற்கெனவே எடுத்து வைத்த எம்.ஆர்.ஐ. படத்தையும் அந்த நேரத்து அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, கட்டி இருக்கும் துல்லியமான இடத்தைத் திரையில் பார்த்தபடியே, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக ஊசி போன்ற லேசர் இழையை உள்ளே செலுத்துகிறார்கள். தோலுக்கு மேலிருந்து காட்டினால் இவ்வளவு ஆழத்துக்கு ஒளி வராது, அதனால்தான் இழை. லேசரின் பலம் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டது. தங்கம் இல்லாத சதையை அது அழிக்கக் கூடாது, தங்கம் உள்ள இடத்தை மட்டும் அழிக்க வேண்டும் என்பது கணக்கு.

ஒரு வேடிக்கை: ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுகிற இந்தத் திரவத்தை அமெரிக்காவில் மருந்தாகக் கணக்கெடுக்கவில்லை. 'மருத்துவச் சாதனம்' என்ற வகையில்தான் சோதித்தார்கள். ரசாயனமாக எதையும் செய்யாமல் வெறுமனே சூடாவதுதானே அதன் வேலை!

2019-ல் முடிவுகள் வெளியாயின. 16 பேரில் 15 பேருக்குத் திட்டமிட்டபடி சிகிச்சையை முடிக்க முடிந்தது. ஓராண்டு கழித்து, சுட்ட இடத்திலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது 13 பேருக்கு அங்கே புற்றுநோய் தென்படவில்லை. சிறுநீர் போவதிலும், தாம்பத்திய உறவிலும் சிகிச்சைக்கு முன்பு இருந்ததற்கும் பின்பு இருந்ததற்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இந்தக் கடைசி வரிதான் மருத்துவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

பிறகு இன்னும் சில மருத்துவமனைகளும் சேர்ந்துகொண்ட பெரிய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. 44 பேர். ஓராண்டில் 32 பேருக்குச் சுட்ட இடம் சுத்தம். சதவிகிதத்தில் 73. முதல் சோதனையைவிடக் கொஞ்சம் குறைவு. ஆட்கள் கூடக்கூட, மருத்துவமனைகள் கூடக்கூட இப்படிக் குறைவது வழக்கம்தான். நான்கில் ஒருவருக்கு மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்னொன்று, 'சுட்ட இடம்' சுத்தம் என்றால் சுரப்பி முழுவதும் சுத்தம் என்று பொருள் அல்ல. வேறு மூலையில் புதிதாக முளைக்கலாம். அதனால் இவர்கள் தொடர்ந்து பரிசோதனைக்கு வந்தாக வேண்டும்.

சுடுவதற்கு முன்னால் பார்ப்பது

ஒளியின் இன்னொரு உபயோகம், கட்டியைக் காட்டிக்கொடுப்பது. அறுவை சிகிச்சை மேசையில் ஒரு சர்ஜனுக்கு இருக்கும் பெரிய கவலை: எது புற்றுநோய், எது நல்ல சதை? கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. அதிகம் வெட்டினால் உறுப்பு போகும், குறைவாக வெட்டினால் நோய் திரும்பும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் உருவாக்கிய சிலிக்கா துகள் இதற்காக வந்தது. உள்ளே ஒளிரும் சாயம், வெளியே கண்ணாடிச் சட்டை. அளவு பத்து நானோமீட்டருக்கும் குறைவு. 2011-ல் அமெரிக்க அரசு மனிதர்களிடம் சோதிக்க அனுமதித்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேரிடம் நடந்த முதல் சோதனையின் முடிவு 2014-ல் வெளியானது. இந்தத் துகளின் பெரிய பலம் அதன் சிறுமைதான். அவ்வளவு சிறியதாக இருப்பதால் சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. 150 நானோமீட்டர் தங்க மணிக்கு அந்த வழி அடைத்திருக்கிறது.

ஒளியை அனுப்பி ஒலியைக் கேட்கும் முறை ஒன்றும் உண்டு. லேசரை விட்டு விட்டு அடித்தால் தங்கத் துகள் ஒவ்வோர் அடிக்கும் நொடியில் சூடாகிச் சற்றே விரியும், பிறகு சுருங்கும். அந்த அதிர்வு ஒலியாக வெளியே வரும். அல்ட்ராசவுண்ட் கருவியால் அதைக் கேட்டுப் படம் வரையலாம். ஒளி சதைக்குள் சிதறிவிடும், ஒலி அவ்வளவு சிதறாது. ஒளி பட்டால் பொருள் ஒலி எழுப்பும் என்று 1880-லேயே கவனித்தவர் வேறு யாருமல்ல, தொலைபேசியின் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

வாட்ஸ்அப்புக்கு வந்த தங்கம்

'புற்றுநோய்க்குத் தங்க ஊசி, ஒரே நாளில் குணம்' என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், அதை அனுப்பியவர் பாதியைத்தான் படித்திருக்கிறார் என்று அர்த்தம். மேலே சொன்ன சிகிச்சை, சோதனைகளில் சேர்ந்த சிலருக்கு மட்டும், அதுவும் ஓரிடத்தில் நிற்கும் கட்டிக்கு மட்டும் தரப்பட்டது. எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட நோயில் எந்த இடத்தில் லேசரைக் காட்டுவது? அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த பிறகு 'லேசர் வருதாம்' என்று தள்ளிப்போடுபவருக்காகக் கட்டி காத்திருக்காது.

'அப்படியென்றால் தங்க பஸ்பம் சாப்பிட்டாலும் இதே பலன்தானே?' என்ற கேள்வியும் நம் ஊரில் நிச்சயம் எழும். இல்லை. இந்த மணியில் தங்கம் மருந்தாக வேலை செய்யவில்லை. குறிப்பிட்ட தடிமனில் பூசிய முலாம், குறிப்பிட்ட அலைநீளத்தில் லேசர், இரண்டும் சந்திக்க வேண்டும். வாய்வழியே விழுங்குகிற தங்கத்துக்கு இந்த இரண்டும் இல்லை.

விஞ்ஞானிகளுக்கே விடை தெரிய வேண்டிய கேள்வி வேறு. கல்லீரலில் தங்கிய தங்கம் என்ன ஆகும்? தங்கம் துருப்பிடிக்காது, கரையாது, எதனோடும் எளிதில் சேராது. நகைக்கு அது பெருமை. உடம்புக்குள் அதுவே தலைவலி. ஐ.ஐ.டி. பாம்பேயில் ரோஹித் ஸ்ரீவத்சவா, அரவிந்த் ரங்கன் உள்ளிட்ட குழு இதற்கு வேறு வழியில் போனது. கண்ணாடி மணிக்குப் பதிலாகக் கொழுப்பால் ஆன நுண்குமிழி. அதன் மேல் நுண்ணிய தங்கத் துகள்கள். லேசரில் சூடாகும் வேலையை அது செய்யும். வேலை முடிந்ததும் குமிழி உடைந்து, தங்கம் சிறுசிறு துண்டுகளாகி, உடம்பிலிருந்து வெளியேற வழி கிடைக்கும். எலிகளில் அவர்கள் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. ரங்கன் பின்னர் ஐ.ஐ.டி. ஹைதராபாத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் தந்த பரிசு. வாய் என்பது லேசர் இழையைக் குத்தி இறக்க வேண்டிய ஆழத்தில் இல்லை. திறந்து காட்டினாலே ஒளி போய்விடும். அறுவை சிகிச்சையில் தாடையையும் நாக்கின் ஒரு பகுதியையும் இழப்பவர்களுக்கு, சோறு மெல்வதும் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அதோடு போய்விடுகிறது. ஹூஸ்டனில் எலியிலிருந்து மனிதருக்கு, அந்த முடிவுகள் வெளிவர 15 ஆண்டுகள் ஆயின. இங்கே எலி வரை வந்திருக்கிறார்கள்.